நிற்பதற்கும் வாடகை

டிசம்பர் முப்பது. லியபாயாவில் நாலு மணிக்கே இருட்டு.
ஒரு காலத்தில் மீனை டப்பாவில் அடைத்த கூடம் இது.
இப்போது எங்கள் பதிப்பகம், கிடங்கு, சமையலறை எல்லாம்.
போர்த்துகலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
ஆட்டம் அருமை, பெட்டியில்தான் மீன் வாடை.
பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றேன்.
வேண்டாம், பூனை பெட்டியை விட்டு
இறங்க மறுக்கிறது என்றார்.

கணக்கு எழுத உட்கார்ந்தேன்.
அச்சிட்டது இரண்டாயிரம்.
விற்றது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் என் முதுகுக்குப் பின்னால்
கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.
திரும்பிப் பார்க்காமல் தேநீர் போடப் பழகிவிட்டேன்.

இரண்டாம் தவணையில் பெட்டிக்கொரு பச்சைக் காய் குறைந்தது.
உங்கள் பட்டியலிலேயே இல்லையே என்றது தொழிற்சாலை.
உண்மைதான். பட்டியல் போட்டவள் நான்.
கிர்ட்ஸ் அறுநூறு உறைகளை
நாக்கு வறள ஒட்டினான்,
என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.
ட்ரான்ட்ஹைமுக்குப் போன உறை மட்டும் திரும்பி வந்தது:
"என் பெட்டியில் காய் சரியாக இருந்தது.
வேறு யாருக்காவது உதவும்."
எப்படி இருந்தது என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.
அந்தக் காய் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

இனி வரும் ஆண்டு.
செப்டம்பரில் குழந்தைகளுக்கு 'காளான் திருடன்';
படம் வரைந்தவளுக்கு இரண்டாம் தவணை பாக்கி.
அதற்கடுத்ததற்குப் பெயர் இல்லை.
ஒரு தகர டப்பா, ஆறு பகடை. அவ்வளவுதான்.
அது ஆட்டமில்லை, சத்தம் என்கிறான் கிர்ட்ஸ்.
ஆனால் மே மாதம், கப்பல் சொன்ன தேதிக்கு வந்தால்,
'பனித்துறை'.

அதை உண்டாக்கியவள் ராஸ்மா.
கடல் உறைவதற்குள்
மரம் ஏற்றிய படகுகளைக் கரை சேர்க்க வேண்டும்.
மூன்று ஆண்டு உழைப்பு.
மார்ச் மாதச் சோதனை இரவில்
ட்ராம் ஓட்டும் ஹாரியிஸ்
முதல் ஆளாக உட்கார்ந்தார்.
படகை அவிழ்க்கவே இல்லை.
முறை வரும்போதெல்லாம் "இருக்கிறேன்" என்றார்,
ரொட்டியைப் பிட்டுத் தின்றார்.
நாங்கள் நால்வரும் புயலில் மூழ்கி,
பனியில் சிக்கி, கடனில் விழுந்து முடித்தபோது
வென்றவர் அவர்.
மறுபடி ஆடினோம். மறுபடியும் அவரே.
நகராதவனே ஜெயிக்கும் ஆட்டத்தை
மூன்று ஆண்டாகக் கட்டியிருக்கிறோம்.
ராஸ்மா அட்டைகளை அள்ளிக்கொண்டு போனாள்,
கோட்டை மறந்துவிட்டு.

ஜூன் போயிற்று, ஆகஸ்ட் போயிற்று.
அந்த நாட்களில்தான் மியூனிக் கடிதம் வந்தது:
உங்கள் பதிப்பகத்தை வாங்கிக்கொள்கிறோம்,
பெயர் பெட்டியின் ஓரத்தில் சிறியதாக இருக்கும்.
மரியாதையான கடிதம். தொகையும் மரியாதையானது.
மேசை அறையில் வைத்துப் பூட்டினேன்,
சாவியோடு பச்சைக் காயும் ஆடியது.

நவம்பரில், ஜன்னல்கள் இரவு முழுக்க அலறிய ஒரு நாள்,
ராஸ்மா நனைந்த தலையோடு வந்து
ஒரே ஒரு அட்டையை மேசையில் வைத்தாள்.
'காற்று.'
சுற்றுக்கொரு முறை வீசும்.
துறையில் கட்டிக்கிடக்கும் படகு
கயிறு தேய்ந்ததற்கு ஒரு காசு கட்ட வேண்டும்.
போவதற்கு மட்டுமில்லை,
நிற்பதற்கும் வாடகை.
இந்த ஊரில் பிறந்தவளுக்கு
இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதமா என்று கேட்டேன்.
வாசலில் நின்று பார்த்தாயா நீ என்றாள்.

இன்று மாலை கடைசிச் சோதனை.
ஹாரியிஸ் ட்ராமை நிறுத்திவிட்டு
சீருடையோடே வந்தார்.
விதியை இரண்டு முறை வாசித்தார்.
காசுகளைக் கண்ணாடி போட்டு எண்ணினார்.
கிர்ட்ஸ் பகடையை உருட்டினான், ராஸ்மா நகத்தைக் கடித்தாள்.
மியூனிக்காரர்களுக்கு ஜனவரி பத்துக்குள் பதில் வேண்டும்.

அவர் முறை வந்தது.
ஒரு காசை எடுத்து
காற்றின் மேல் வைத்தார்.

"இருக்கிறேன்."